தீவு என்றால் கலப்பு, பிள்ளை என்றால் கலப்படம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த இலக்கியக் கூட்டம் அது. அமைப்பின் பெயர் வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கு கூட்டங்களுக்குப் போனவர் எவருக்கும் அது தனக்குத் தெரிந்த கூட்டம் போலத்தான் இருக்கும். ஞாயிறு மாலை, முப்பது நாற்காலி, பதினெட்டுப் பேர், தட்டில் மசால் வடை.

முதலில் ஒரு மூத்தவர் தன் பயணக் கட்டுரையை வாசித்தார். மக்காவ் போய் வந்திருக்கிறார். சூதாட்ட விடுதிகளுக்கு ஒரு பத்தி, மிச்சமெல்லாம் கொலோவான் தீவுக்கு. மஞ்சள் பூசிய சின்னத் தேவாலயம், அதன் முன்னால் அலையலையாய்க் கல் பதித்த முற்றம், சற்றுத் தள்ளி சீனர்களின் கடலம்மன் கோயில், ஊதுபத்திப் புகை, சூடான முட்டைத் தார்ட். போர்த்துகலும் சீனமும் நானூறு ஆண்டுகள் கைகோத்து நடந்த மண் என்றார். கலப்பின் பேரழகு என்று முடித்தார். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

பிறகு புதியவர்களுக்கான நேரம். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் கவிதை வாசித்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இரண்டு பாட்டிகளின் இரண்டு அடுப்படிகளைப் பற்றிய கவிதை. ஒரு பாட்டியை ‘ஆமா’ என்று அழைத்திருந்தார். பெலாச்சான் வாசம் வந்தது, காகிதம் எரிக்கும் தகரம் வந்தது. சில வரிகள் தடுக்கின, சில வரிகள் நன்றாகவே இருந்தன. வாசித்துவிட்டுப் பெயரைச் சொன்னார். பெயருக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பப் பெயர் இருந்தது.

அதே மூத்தவர் கேட்டார்: “அப்பா யாரும்மா?”

“சீனர், ஐயா. அம்மா தமிழ்.”

“அதான். மொழியில கொஞ்சம் கலப்படம் தெரியுது. நல்ல முயற்சி. தூய தமிழ்ல எழுதப் பழகுங்க.”

நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. தீவைப் பார்த்தபோது கலப்பு. பிள்ளையைப் பார்த்தபோது கலப்படம். பாலில் தண்ணீர் ஊற்றினால், மிளகாய்த் தூளில் செங்கல் பொடி சேர்த்தால் நாம் சொல்லும் வார்த்தை அது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே “சரிங்க ஐயா” என்று உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வடையைத் தின்றுவிட்டுக் கோமுட்டர் பிடித்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பேசாததை இங்கே பேசுகிறேன்.

முதலில் அந்தத் தீவு.

நானும் கொலோவான் போயிருக்கிறேன். மலிவு டிக்கெட் கிடைத்தது, சுமார் நான்கு மணி நேரப் பறத்தல், மக்காவிலிருந்து 26ஏ பேருந்து. நாற்பதுக்கு மேல் படம் எடுத்துப் போட்டேன். ‘இரண்டு உலகம் ஒரே தெருவில்’ என்றோ என்னவோ கீழே எழுதினேன். அதனால் இந்தக் கட்டுரை அந்த மூத்தவரை மட்டும் அடிக்க எழுதியதல்ல. அவர் செய்ததை நானும் செய்தேன், அவரைவிட மோசமான தமிழில்.

தீவு என்கிறோம். உண்மையில் அது இப்போது தீவே அல்ல. 1960களின் கடைசியில் தைப்பாவையும் கொலோவானையும் கடலுக்கு நடுவே சாலை போட்டு இணைத்தார்கள். பிறகு இரண்டுக்கும் இடையிலிருந்த கடலையே நிரப்பினார்கள். அந்தப் புது நிலத்துக்கு இரண்டு தீவுகளின் பெயரையும் ஒட்டி ‘கோத்தாய்’ என்று பெயர். 2007இல் அங்கே வெனிஸ் நகரத்தின் நகல் ஒன்று சூதாட்ட விடுதியாக எழும்பியது. நான் சிவில் படித்தவன். களிமண்ணில் வடிகால் பட்டை இறக்கி, மேலே மண் பாரம் ஏற்றி, நிலம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று கணக்கெடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பேருந்து கோத்தாயைக் கடந்தபோது அதன் அடியில் என்ன இருக்கும் என்று என் கண் தானாகப் பார்த்தது. ஆனால் அந்தத் தேவாலயத்தின் முன் நின்றபோது அதே கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மேற்பூச்சைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அடியில் என்ன இருக்கிறது? போர்த்துகீசியர் மக்காவில் குடியேறியது 1557இல். சீனாவிடம் ஒப்படைத்தது 1999 டிசம்பர் 20இல். கொலோவானின் குன்றுமேல் நிற்கும் ஆ-மா கடலம்மன் சிலையின் உயரம் அந்த ஆண்டின் நினைவாக 19.99 மீட்டர். ஆனால் இடைப்பட்ட காலம் கைகோத்து நடந்த காலமல்ல. தேவாலயத்தின் எதிரே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1910இல் கடற்கொள்ளையரைப் போர்த்துகீசியப் படை அடித்து வென்றதற்கான கல். எல்லாரும் அதன்மேல் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். 1966இல் தைப்பாவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதில் தொடங்கிய தகராறு பெருகி, டிசம்பர் 3இல் மக்காவ் நகரமே கலவரமானது. சுட்டதில் எட்டுச் சீனர்கள் செத்தார்கள். பயணக் கட்டுரையில் இதற்கு இடம் இருக்காது, தார்ட் ஆறிப்போகும்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 1850களிலிருந்து 1874 வரை மக்காவ் ஓர் ஆள் ஏற்றுமதித் துறைமுகம். தென்சீனக் கிராமங்களில் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்ட ஆண்களைக் கொட்டடியில் அடைத்து, ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, கூபாவின் கரும்புத் தோட்டத்துக்கும் பெருவின் பறவை எச்சக் குவாரிக்கும் கப்பல் ஏற்றினார்கள். அவர்களுக்கு உலகம் வைத்த பெயர் கூலி. அந்தச் சொல்லின் வேர் தமிழ்க் ‘கூலி’ என்று ஒரு சாராரும், குசராத்தின் ‘கோலி’ இனப்பெயர் என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரன் நான். அந்தச் சொல் எனக்கு அந்நியமில்லை. அந்தத் தெருவில் நின்று நான் பார்த்திருக்க வேண்டிய சொந்தம் அதுதான். நான் கல் பதித்த முற்றத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

‘போர்த்துகல் கூட்டல் சீனம்’ என்ற கணக்கே தப்பு என்பது அடுத்த விஷயம். தொடக்ககாலப் போர்த்துகீசியரோடு மக்காவில் குடும்பம் நடத்திய பெண்களில் பலர் மலாக்காவிலிருந்தும் கோவாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் பேசிய ‘பத்துவா’ மொழி நம் மலாக்காவின் ‘கிரிஸ்தாங்’ மொழிக்கு உடன்பிறப்பு. மக்காவ்காரர்களின் சமையலில் புளி உண்டு, மஞ்சள் உண்டு, தேங்காய்ப்பால் உண்டு. ‘பலிச்சாவ்’ என்று ஓர் இறால் விழுது உண்டு. மூடியைத் திறந்தால் நம் பெலாச்சானின் ஒன்றுவிட்ட தம்பி என்று மூக்கே சொல்லிவிடும். மக்காவில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் ஒன்று 1874இல் கட்டிய ‘மூர் படைவீடு’. கோவாவிலிருந்து காவல் பணிக்கு வந்த இந்தியப் படையாட்கள் தங்குவதற்காகக் கட்டியது.

மஞ்சள் தேவாலயமும் அப்படித்தான். 1928இல் கட்டியது, புனித சவேரியாரின் பெயரில். சவேரியார் 1542இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவர். 1545இல் மலாக்கா வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் செத்தார். அவர் கை எலும்பு ஒன்று பல காலம் இந்தக் கொலோவான் தேவாலயத்தில்தான் இருந்தது. இப்போது மக்காவ் நகரத்துக் குருமடத்தில் இருக்கிறது. மலாக்காவில் செயின்ட் பால் குன்றின்மேல் நிற்கும் அவர் சிலைக்கோ வலது கை இல்லை. மரம் விழுந்து முறிந்துவிட்டது. மணப்பாட்டுக்கும் மலாக்காவுக்கும் கொலோவானுக்கும் இடையே ஓர் ஆளின் எலும்பே இப்படி அலைந்திருக்கிறது. நம் மூத்தவர் கட்டுரையில் சவேரியார் ‘ஐரோப்பியப் பாதிரியார்’ என்று ஒரே வரியில் வந்து போனார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் அச்சிட்டது என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். நாம் தூய தமிழை அச்சில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கலப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னும் வேண்டுமானால் உங்கள் வீட்டையே சுற்றிப் பாருங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, துவாலை. எல்லாம் போர்த்துகீசியம். இவற்றை எடுத்துவிட்டால் அந்த மூத்தவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்கே வந்திருக்க முடியாது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் காசு போட்டுத் தருகிறோமே, அந்த அங்பாவ் எந்தத் திருக்குறளில் இருக்கிறது?

கொலோவான் தூரம். மலாக்கா நமக்கு இரண்டு மணி நேரம். அங்கே உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு இருக்கிறது. 1930களில் இரண்டு பாதிரியார்கள் முயன்று, ஏழை மீனவர்களுக்காக வாங்கித் தந்த நிலம். கையில் வலையைத் தள்ளிக்கொண்டு போய்க் கெராகாவ் என்கிற பொடி இறால் பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கடலில் மண் கொட்டினார்கள். 2014இல் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டத்தை 2020இல் மாநில அரசு ரத்து செய்தது. கொட்டிய மண்ணைக் கடல் திருப்பித் தராது. இதை என் தொழில்மேல் வைத்தே சொல்கிறேன், அமுக்கிய களிமண் பழையபடி சேறாகி இறாலுக்கு வீடாவதில்லை. அங்கே போகும் நாம் என்ன எழுதுகிறோம்? ‘சுட்ட மீன் சூப்பர்.’

அதே மலாக்காவில் காஜா பெராங் சாலையில் செட்டிகளின் கிராமம். சுல்தான் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள், இங்கேயே பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர்கள். பெண்கள் சாரோங் கெபாயா கட்டுவார்கள். வீட்டு மொழி ஒருவகை மலாய். சாமி சிவனும் மாரியம்மனும். போகிக்கு முன்னோருக்குப் படையல் போட்டுப் ‘பார்ச்சு’ என்பார்கள். 1781இல் எழும்பிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் மரபுடையது. 1511இல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தபோது போர்த்துகீசியக் கைதிகளுக்கு உதவி, பிறகு பெண்டகாராவாக நியமிக்கப்பட்ட நினா சத்து என்ற வணிகனும் அந்த ஊரின் தமிழ் வணிகச் சமூகத்து ஆள்தான். 1514இல் பதவி பறிபோனபோது தீயில் இறங்கிச் செத்தான் என்று போர்த்துகீசியர் குறிப்புகள் சொல்கின்றன.

இவ்வளவு பெரிய கதை கொலோவானில் நடந்திருந்தால் நாம் ஒரு தொடரே எழுதியிருப்போம். இது நம்மவர் கதை என்பதால் நமக்கு வாயில் வருவது ஒரே சொல்தான்: “பாவம்.” கல்லூரி நாளில் நாற்பது மாணவர்களோடு அந்தக் கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் மலாயில் அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவன் பின்னால் நின்று, “பேரு பிள்ளை, ஆனா தமிழ் வராதாம்டா” என்றான். எல்லாரும் சிரித்தோம். ஐநூறு வருடம் ஒரு சாமியையும் ஒரு பெயரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிய வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான குரல் எழும். தம்பி, நாம் சிறுபான்மை. பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை பல இடங்களில் குறைகிறது. கலந்துகொண்டே போனால் செட்டிகள் மாதிரி மொழியைத் தொலைத்துவிட்டு நிற்போம். அப்புறம் எதில் கவிதை எழுதுவது?

இந்தப் பயம் பொய்யல்ல, எனக்கும் உண்டு. ஆனால் என் குடும்பத்தில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் அப்பாவும் தமிழ், அம்மாவும் தமிழ், ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம். அன்றைக்கு அந்த அறையில் தமிழில் கவிதை எழுதிக்கொண்டு வந்த ஒரே இளம் ஆள் அந்தச் சீன அப்பாவின் மகள். மொழியைக் காப்பாற்றத்தான் பேசினோம் என்றால், அந்த அறையில் மொழியைக் கொண்டு வந்தவரை ஏன் அடித்தோம்?

ஏனென்றால் பேச்சு மொழியைப் பற்றியது அல்ல. “அப்பா யார்?” என்பது இலக்கணக் கேள்வி இல்லை. தமிழில் ‘கலப்புத் திருமணம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது என்ன? தமிழனும் போர்த்துகீசியரும் கட்டிக்கொள்வதல்ல. ஒரு சாதியும் இன்னொரு சாதியும் கட்டிக்கொள்வது. அந்தப் பயத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, லயத்தில் வைத்து வளர்த்து, இப்போது மொழிப்பற்று என்று சட்டை மாட்டி உட்கார வைத்திருக்கிறோம். தனித்தமிழ் இயக்கம் 1916 வாக்கில் மறைமலையடிகளோடு எழுந்தபோது அதற்கு ஓர் அரசியல் இருந்தது. சமஸ்கிருதத்தின் மேலாதிக்கத்துக்கு எதிரான அரசியல். அதில் எனக்கு மரியாதை உண்டு. சொல்லைச் சலிக்கச் செய்த சல்லடையை எடுத்து ரத்தத்தைச் சலிப்பதில் எனக்கு மரியாதை இல்லை. அரசாங்கப் பாரத்திலும் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்று நான்கு கட்டம்தான். பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பாவின் கட்டம். அதை எதிர்த்து எழுத வேண்டிய இலக்கியக் கூட்டம், அந்தப் பாரத்தையே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது.

சொல்ல வந்துவிட்டேன், முழுசாகச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் அம்மா சீனப் பெண்.

ஜப்பான்காரன் காலத்தில், காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதி பிறந்து சில நாளே ஆன ஒரு சீனக் குழந்தையை வாங்கி வளர்த்தார்கள். இது அதிசயக் கதை இல்லை. வறுமையிலும் பெண் பிள்ளை வேண்டாம் என்ற எண்ணத்திலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வளர்த்த கதை இந்த நாட்டில் ஏராளம். தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், சேலை கட்டி, பொட்டு வைத்து, நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசும் ஒரு சீன முகத்து அத்தையை எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

பாட்டிக்குச் சீனத்தில் ஒரு சொல் தெரியாது. பால் மரம் வெட்டினார், தீமிதித்தார், தாலாட்டுப் பாடினார். கோபம் வந்தால் அவர் திட்டிய தமிழை இந்தத் தளத்தில் அச்சேற்ற முடியாது. ஆனால் என் மாமா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வந்தவர்கள் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க, பெரிய மாமா சொன்ன பதில்: “நாகப்பட்டினம் பக்கம்ங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க கொஞ்சம் செவப்பு.” பாட்டி அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அது நல்ல ஜோக் என்று நினைத்தேன்.

இந்தப் பாட்டிகள் நம் எழுத்தில் வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறார்கள். நான் வாசித்த கதைகளில் அநேகமாக வளர்த்தவர்களின் பெருந்தன்மையைக் காட்ட வருகிறார்கள். அவர்களாக ஒன்று நினைத்து, கோபப்பட்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டி 2016இல் இறந்தார். கொலோவானில் தின் ஹாவ் கோயில் பக்கம், வாசலில் இறால் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவியைப் பார்த்தேன். கன்னமும் மூக்கும் அப்படியே பாட்டி. அவருக்கும் ஒரு படம் எடுத்தேன். நாற்பதில் அதுவும் ஒன்று. அதிகம் லைக் விழுந்த படம் அது. ‘இவர் என் பாட்டியைப் போலிருக்கிறார், ஏனென்றால் என் பாட்டி சீனர்’ என்று அதன் கீழே எழுதவில்லை. ‘தீவின் முகம்’ என்று எழுதினேன்.

அன்றைக்கு மாடியில் அந்தப் பெண் பெயரைச் சொன்னபோது என் வாய் ஏன் திறக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. எழுந்து நின்றிருந்தால் என்னிடமும் “பாட்டி யாரு தம்பி?” என்று கேட்டிருப்பார்கள்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், பாட்டிக்கு முதலில் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று.

“யாருக்குடா தெரியும்? தோட்டத்து கிராணி முனியம்மான்னு எழுதினாரு. அவ்வளவுதான்.”

“கொடுத்தவங்க யாரு?”

“கம்பத்துல கடை வச்சிருந்தவங்கன்னு சொல்வாங்க. பாட்டி ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்திச்சாம். உள்ள போகலயாம். சாமான் வாங்கிட்டு வந்திடிச்சாம்.”

என்ன சாமான் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

சென்ற ஞாயிறு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அந்தப் பெண் வரவில்லை. யாரிடமும் அவர் எண் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே யாரோ ‘சீனர்’ என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். மக்காவ் கட்டுரையின் இரண்டாம் பகுதி வாசிக்கப்பட்டது. தைப்பாவைப் பற்றி.